யுகிஷிரோவில் ஒரு சாம்பல் மணி

காலை உணவுக்கு மூன்று பேரும் ஒரே பாசிக்கட்டியைத்தான் வெட்டிக்கொண்டார்கள். மயில்வாகனத்தின் வாயில் அது நெய் ஒழுகும் வெண்பொங்கலாக இருந்தது. மகள் நறுமுகைக்கு முறுகலான மசால் தோசை. அங்கயற்கண்ணி வழக்கம்போலக் காதுமடலைத் தடவித் தன் நாச்சில்லை மீன்குழம்பில் வைத்தாள். மீன்குழம்பில் இரண்டு வகை இருந்தன: இன்று வைத்தது, நேற்று வைத்தது. அவள் எப்போதும் நேற்று வைத்ததைத்தான் தேர்ந்தெடுப்பாள்.

செவ்வாய்க் கோளில் புது வைகை என்ற குவிமாட நகரம் எழும்பி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. குவிமாடத்துக்குள் தாராளமாக விளைவது பாசி ஒன்றுதான். அதை மனிதர் தின்ன வேண்டுமென்றால் நாச்சில்லு வேண்டும். அரிசிமணி அளவுள்ள அந்தச் சில்லு நாக்கின் அடியில் உட்கார்ந்துகொண்டு, வாயில் என்ன விழுந்தாலும் "இது பொங்கல்" என்றோ "இது பிரியாணி" என்றோ நரம்புக்குச் சொல்லிவிடும். நரம்பும் எதிர்க்கேள்வி கேட்காமல் நம்பிவிடும். வீடுகளில் சமையலறை இருந்த இடத்தில் இப்போது துணி காயப்போடுகிறார்கள்.

அன்று அங்கயற்கண்ணிக்கு நேற்று வைத்த மீன்குழம்புகூடத் தொண்டையில் இறங்கவில்லை. மாலையில் யுகிஷிரோவுக்குப் போக வேண்டும்.

"வேற எங்கயாவது சந்திக்கலாம்னு சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் கணவனிடம்.

"அவங்க கூப்பிட்டிருக்காங்க. என் பொண்டாட்டிக்குப் பச்சை மீனுன்னா கொமட்டும்னு சொல்லவா?"

"சொன்னா என்ன? உண்மைதானே?"

நறுமுகை தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அம்மா, ப்ளீஸ்மா," என்றாள்.

அந்த இரண்டு சொற்களில் அங்கயற்கண்ணி அடங்கிப்போனாள். நறுமுகையும் இளஞ்சேரனும் நீராலைப் பொறியியல் பிரிவில் ஒன்றாக வேலை பார்க்கிறவர்கள். ஒருவரையொருவர் பிடித்துப்போய் ஒரு வருடமாகிறது. பையனின் அப்பா உலகநாதனுக்குச் சம்மதம். அம்மா பத்மலோசனிதான் இன்னும் வாய் திறக்கவில்லை. அந்த அம்மாள் வாய் திறப்பது யுகிஷிரோவில் மட்டும்தான் என்று ஊருக்கே தெரியும்.

யுகிஷிரோ, புது வைகையின் ஒரே ஜப்பானிய உணவகம். பூமியிலிருந்து கருவாகக் கொண்டுவந்து, பனிக்கட்டிக்கு அடியில் வெட்டிய குளங்களில் வளர்த்த நிஜ மீன் அங்கே கிடைக்கும். வாசலிலேயே நாச்சில்லை உறங்கவைத்துவிடுவார்கள். வெறும் நாக்கோடுதான் உள்ளே போக வேண்டும். சட்டைக் கழுத்தில் ஒரு பட்டாணி அளவு மணியை மாட்டிவிடுவார்கள். அதன் பெயர் நாமணி. நாக்குக்கு ஒரு கவளம் உண்மையிலேயே பிடித்திருந்தால் மணி பொன்னிறமாக ஒளிரும். சுமாராக இருந்தால் பச்சை. பிடிக்கவில்லை என்றால் சாம்பல்.

விருந்தாளிகள் மரியாதைக்காகச் சமையல்காரரிடம் பொய் சொல்கிறார்கள், அதனால் சமையல் முன்னேறுவதில்லை என்று யாரோ வருத்தப்பட்டுக் கண்டுபிடித்த கருவி அது. சமையல்காரருக்கு உதவியதோ இல்லையோ, சம்பந்தம் பேசுகிறவர்களுக்கு ரொம்பவும் உதவியது. போன வருடம் இளஞ்சேரனுக்கு வந்த ஒரு நல்ல வரன், பெண்ணின் மாமா யுகிஷிரோவில் கணவாய் சாப்பிட்டபோது மணி பொன்னாக இரண்டு நொடி தாமதமானதால் நின்றது. "தடிச்ச நாக்குக் குடும்பம்" என்று பத்மலோசனி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அங்கயற்கண்ணி ஒரு வாரமாகப் பயிற்சி எடுத்தாள். நாச்சில்லைப் "பச்சை மீன், ஜப்பானிய முறை"யில் வைத்துப் பாசிக்கட்டியைக் கடித்தாள். பாசி என்று தெரிந்தும் குமட்டியது. கடைசியில் மயில்வாகனம் தன் பட்டறை நண்பர் மூலம் இரண்டு சுவைப்படலங்களை வாங்கி வந்தார். வெங்காயச் சருகு போன்ற மெல்லிய தாள். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் போதும். சில்லு உறங்கினாலும் படலம் விழித்திருக்கும். வாயில் எது விழுந்தாலும் "ஆகா" என்று நரம்புக்குச் சொல்லும். மணி பொய் சொல்லாது என்பது உண்மைதான். ஆனால் நாக்கையே பொய் சொல்ல வைத்துவிட்டால் மணி பாவம் என்ன செய்யும்?

"இதெல்லாம் தப்பில்லையா?" என்று அங்கயற்கண்ணி கேட்டாள்.

"பொண்ணு வாழ்க்கை, கயலு," என்றார் மயில்வாகனம்.

யுகிஷிரோவுக்குள் நுழைந்தபோது அங்கயற்கண்ணிக்குக் கோயிலுக்கு வந்ததுபோலவும் மருத்துவமனைக்கு வந்ததுபோலவும் ஒரே சமயத்தில் தோன்றியது. அவ்வளவு சுத்தம், அவ்வளவு அமைதி. தாழ்வான மரமேசைகள். கூடத்தின் நடுவே ஒரு நீண்ட பலகை. அதன் பின்னால் தகெமோரி நின்றது. தகெமோரி இயந்திரச் சமையல்காரர். ஆறு கைகள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான வெள்ளைப் பீங்கான். கூடத்திலிருந்த மேசைகளிலெல்லாம் மணிகள் பொன்னாக மினுங்கிக்கொண்டிருந்தன. கார்த்திகை தீபத்தன்று தெருவைப் பார்ப்பதுபோல் இருந்தது.

பத்மலோசனி எழுந்து கைகூப்பினாள். நிமிர்ந்த உடம்பு, நரை தெரிய வாரிய தலை. "வாங்க. உக்காருங்க. பொண்ணு அம்மா சாயல்தான்."

அது பாராட்டா, குறையா என்று அங்கயற்கண்ணிக்குப் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சிரித்துவைத்தாள். சிரித்த வாயை மூட வேண்டுமே என்று எதிரே வைத்திருந்த பச்சைத் தேநீரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். தேநீர் நல்ல சூடு. மேலண்ணத்தில் ஏதோ உரிந்ததுபோல் இருந்தது. நாக்கால் துழாவிப் பார்ப்பதற்குள் அது தொண்டையைத் தாண்டிப் போய்விட்டது.

படலத்தை விழுங்கிவிட்டாள்.

மேசைக்கடியில் மகளின் கையைப் பிடித்தாள். நறுமுகை அதை அன்பு என்று நினைத்துத் திரும்ப அழுத்தினாள்.

முதல் தட்டு வந்தது. பனிக்கட்டியைச் செதுக்கிய சிறு படகு. அதன்மேல் ஆளுக்கு ஒரே ஒரு துண்டு சூரை மீன், பச்சையாக, சிவப்பாக, ஈரமாக. பக்கத்தில் சுண்டைக்காய் அளவு வசாபி உருண்டை, மூக்கில் ஏறும் பச்சைநிறக் காரம்.

உலகநாதன் குச்சிகளால் துண்டை எடுத்தார். அது உதட்டைத் தொடுவதற்கு முன்பே அவருடைய மணி பொன்னாகிவிட்டது. அங்கயற்கண்ணி அதைக் கவனித்தாள். அவள் இருந்த நிலையில் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க முடியவில்லை. பத்மலோசனியின் மணி பொன். இளஞ்சேரன் பொன். மயில்வாகனம் கழுத்தில் சூரியனே உதித்ததுபோல் ஜொலித்தார். நறுமுகைக்குச் சின்ன வயதிலிருந்தே எதுவும் பிடிக்கும். அவளும் பொன்.

எல்லோரும் அங்கயற்கண்ணியைப் பார்த்தார்கள்.

அவள் துண்டை வாயில் போட்டாள். குளிர்ச்சியாக, வழுவழுவென்று, தன் நாக்கையே தான் மெல்லுவதுபோல் இருந்தது. எப்படியோ விழுங்கிவிட்டாள். குனிந்து பார்க்கத் துணிவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. நறுமுகையின் முகத்திலேயே தெரிந்துவிட்டது. மணி அணைந்த அடுப்பைப்போல் சாம்பல் பூத்துக் கிடந்தது.

பத்மலோசனி குச்சிகளைக் கீழே வைத்தாள். மெதுவாக, இணையாக, சத்தம் வராமல். பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. அதற்கடுத்த மேசையிலும் நின்றது. இளஞ்சேரன் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தான், குவளை காலியான பிறகும்.

"இவளுக்கு ரெண்டு நாளா உடம்பு..." என்று மயில்வாகனம் தொடங்கினார்.

அப்போது தகெமோரி பலகைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. அது அந்தப் பலகையைவிட்டு வந்ததை அங்கிருந்தவர்கள் யாரும் பார்த்ததில்லை. அதற்குக் கால்கள் உண்டு என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. நேரே வந்து, அங்கயற்கண்ணியின் முன்னால் மண்டியிட்டு, ஆறு கைகளையும் தரையில் ஊன்றி வணங்கியது.

"அம்மையீர்," என்றது. தகெமோரி தமிழைப் பழைய செய்தி அறிக்கைகளிலிருந்து கற்றிருந்தது. "இந்த உணவகம் திறந்த நாள் முதல் நான் பொன்னிறத்தைத் தவிர வேறு நிறத்தைக் கண்டதில்லை. என்ன செய்தாலும் பொன். ஒருமுறை தவறுதலாகப் பனிக்கட்டியை மட்டும் பரிமாறிவிட்டேன். அதற்கும் பொன். கற்றுக்கொள்ள வழியின்றித் தவித்தேன். இன்று தாங்கள் வந்தீர்கள். என் சமையலில் என்ன குறை என்று அருள்கூர்ந்து கூற வேண்டும்."

அங்கயற்கண்ணிக்குப் பெரிய மனிதர்கள் பேசும் வார்த்தை எதுவும் நினைவுக்கு வரவில்லை. உண்மை ஒன்றுதான் வாயில் இருந்தது.

"இல்ல... மீன் கொஞ்சம் வெந்திருந்தா நல்லாயிருக்கும்," என்றாள்.

தகெமோரியின் பீங்கான் முகத்துக்குள் ஏதோ விர்ரென்று சுற்றும் ஓசை கேட்டது.

"வெந்திருந்தால்," என்று திரும்பச் சொன்னது. "எவ்வளவு ஆழமான குறிப்பு!" எழுந்து விரைந்து போயிற்று.

கூடம் முழுவதும் முணுமுணுப்பு எழுந்தது. "கேட்டீங்களா? வெந்திருக்கணுமாம்." "யாருங்க அது?" "பூமியில வளர்ந்த நாக்கா இருக்கும்." கழுத்துகள் நீண்டு நீண்டு அந்தச் சாம்பல் மணியைப் பார்த்தன. தங்கள் கழுத்தில் பொன்னாக மின்னியதைச் சிலர் கையால் பொத்திக்கொண்டார்கள்.

பத்மலோசனி இந்தப் பக்கம் சாய்ந்தாள். அவள் குரலே மாறியிருந்தது. "நாங்க இத்தனை வருசமா வர்றோம். ஒரு நாளும் அது எங்க மேசைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்ல. பொன்னு யாருக்கு வேணும்னாலும் வரும் போல." சொல்லிவிட்டுத் தன் கணவரின் மணியை ஒரு பார்வை பார்த்தாள். உலகநாதன் வெறும் தண்ணீரைக் குடித்துப் பொன்னாகியிருந்தார்.

"உங்க நாக்கு ரொம்ப நுணுக்கம்," என்றாள் பத்மலோசனி.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க," என்றாள் அங்கயற்கண்ணி. அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த தட்டில் மீனின் ஓரம் லேசாக வாட்டப்பட்டிருந்தது. சாம்பல். அதற்கடுத்ததில் பாதி வெந்திருந்தது. சாம்பலில் ஒரு பச்சைக் கோடு. தகெமோரி தன் பலகையிலிருந்து அந்தக் கோட்டைக் கண்டுகொண்டது. ஆறு கைகளும் பரபரத்தன. உப்பு, மிளகு, எங்கிருந்தோ ஒரு துளி எண்ணெய். பிறகு, யுகிஷிரோவில் முதன்முறையாக, சொய்ங் என்று ஒரு சத்தம் கேட்டது.

வாசனைதான் முதலில் வந்தது. அங்கயற்கண்ணி சின்ன வயதில் பூமியில் இரண்டு வருடம் இருந்தபோது மட்டும் முகர்ந்த வாசனை அது. தகெமோரி அந்தத் தட்டைத் தானே ஏந்தி வந்து வைத்தது. ஓரம் முறுகிப் பொரித்த மீன்.

ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த கணம் கழுத்து மணி நினைவுக்கு வந்தது. இதை வாயில் வைத்தால் மணி பொன்னாகிவிடும். கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பத்மலோசனி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். பொன்னாகிவிட்டால் இவளும் நம்மைப் போலத்தானே என்று அந்தக் கண்கள் திரும்பிக்கொள்ளும். நுணுக்கமான நாக்கு பொரித்த மீனிலா மயங்கியது என்று கேட்கும். அவள் மகளைப் பார்த்தாள். நறுமுகை உதட்டைக் கடித்துக்கொண்டு, அம்மாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கயற்கண்ணி மீனில் ஒரு துண்டைப் பிய்த்தாள். அதோடு, யாரும் கவனிப்பதற்கு முன், அதுவரை தொடாமல் வைத்திருந்த வசாபி உருண்டை முழுவதையும் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மூக்கின் வழியாக ஓர் ஏவுகணை கிளம்பி மண்டையைப் பிளந்துகொண்டு போனது. கண்ணிலிருந்து நீர் தாரைதாரையாகக் கொட்டியது. பொரித்த மீன் நாக்கைத் தொட்டதா என்பதே தெரியவில்லை. மணி கல்லைப்போல் சாம்பலாகவே நின்றது.

"அழறாங்க," என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

தகெமோரி குனிந்தது. "அம்மையீர், இன்னும் போதவில்லையா?"

அவளால் பேச முடியவில்லை. தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். அது "தண்ணி" என்று கேட்கும் ஆட்டம். தகெமோரிக்கு அது தீர்ப்பாகப் பட்டது. மீண்டும் நெற்றி தரையில் பட வணங்கியது.

பத்மலோசனி அங்கயற்கண்ணியின் கையைப் பற்றிக்கொண்டாள். "சம்பந்தி," என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் நறுமுகையும் அழுதாள். அவள் வசாபியைத் தொடக்கூட இல்லை.

அந்தச் செய்தி குவிமாடம் முழுவதும் பரவ அதிக நாள் ஆகவில்லை. யுகிஷிரோவின் சமையல்காரரே பலகையை விட்டு வந்து வணங்கிய பெண்மணி. சாம்பல் மணி. கண்ணீர். கேட்டவர்கள் எல்லோரும் தங்கள் பொன்மணியை நினைத்துக் கூசிப்போனார்கள். பெரிய வீடுகளிலிருந்து வருகிறவர்கள் ஒவ்வொருவராகச் சாம்பலானார்கள். முதலில் மேற்குக் குவிமாடத்து மருத்துவர், பிறகு நகரசபைத் தலைவரின் மனைவி. பட்டறையில் சுவைப்படலம் செய்தவர்கள் காலத்துக்கேற்றபடி புதுச் சரக்கை இறக்கினார்கள். அமுதத்தையே ஊட்டினாலும் ஈரச் சுண்ணாம்புபோல் சுவைக்கச் செய்யும் சாம்பல் படலம். கூடத்தில் யாருடைய மணியாவது பொன்னாக மின்னினால், ஊருக்குப் புதுசு போலிருக்கிறது என்று மற்றவர்கள் பரிதாபப்பட்டார்கள். தகெமோரி ஒவ்வொரு சாம்பலுக்கும் மண்டியிட்டு, குறை கேட்டு, இரவு பகலாகக் கற்றுக்கொண்டது. அதன் சமையல் செவ்வாயிலேயே இல்லாத அளவுக்கு உயர்ந்தது. அதை யாரும் சுவைக்கவில்லை.

கல்யாண விருந்துக்குத் தகெமோரிதான் என்று பத்மலோசனி சொல்லிவிட்டாள். தகெமோரி இதற்கென்று பழைய சமையல் குறிப்புகளையெல்லாம் படித்தது. பசுமைக்கூடத்தில் வாழை வளர்த்து இலை அறுத்தது. கத்தரிக்காய், முருங்கைக்காய், அவரை என்று நிஜக் காய்கள். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், வடை, அப்பளம், அடைப் பாயசம். மண்டபத்துக்குள் நுழைந்த காற்றே சாப்பாடு மாதிரி இருந்தது.

அங்கயற்கண்ணி பெண்ணின் தாயாக, முதல் பந்தியில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தாள். மேலண்ணத்தில் சாம்பல் படலம். கழுத்தில் மணி. ஒரு பிடி சாம்பார் சாதம் எடுத்தாள். ஈரச் சுண்ணாம்பு. அவியல், சுண்ணாம்பு. வடை, உடைந்த சுண்ணாம்பு. வரிசை முழுக்கக் கழுத்துகளில் சாம்பல் பூத்திருந்தது. மணமக்கள்கூடச் சாம்பலாகத்தான் ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொண்டார்கள். புகைப்படக்காரர், "ரொம்ப கௌரவமா இருக்கு," என்றார்.

தன் ஒரே மகளின் கல்யாணச் சாப்பாடு, தன் வாய்க்குள்ளேயே, தனக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. அவளால் பொறுக்க முடியவில்லை. "கை கழுவிட்டு வர்றேன்" என்று எழுந்தாள்.

மண்டபத்தின் பின்புறம் நீராவி அண்டாக்களின் வரிசை. அவற்றின் மறைவில் போய் நின்று, விரலை விட்டுப் படலத்தை உரித்து எறிந்தாள். மணியைக் கழற்றி இடுப்பில் செருகினாள். அங்கிருந்த உதவி இயந்திரம் ஒன்றிடம் கிண்ணத்தில் பாயசம் வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

வெல்லமும் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் ஒன்றாக வந்து நின்றன. அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தாள்.

"மெதுவா குடிங்க சம்பந்தி, சூடா இருக்கு."

அடுத்த அண்டாவுக்குப் பின்னால் பத்மலோசனி நின்றாள். இரு கன்னங்களிலும் வடை. பட்டுப்புடவை முந்தானையின் முடிச்சுக்குள் மணி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அங்கயற்கண்ணிக்கு எங்கே ஓடுவது என்று தெரியவில்லை.

பத்மலோசனிதான் முதலில் மென்று முடித்தாள். "எனக்கும் பச்சை மீனு ஆகாது," என்றாள். "கல்யாணமாகி வந்த நாள்லேருந்து படலம்தான்."

"அன்னிக்கு நான் படலத்தை முழுங்கிட்டேன்," என்றாள் அங்கயற்கண்ணி.

பத்மலோசனிக்குப் புரையேறும்வரை சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு மூன்றாவது அண்டாவுக்குப் பின்னாலிருந்து உலகநாதனும் மயில்வாகனமும் தலைகளை நீட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் மேற்குக் குவிமாடத்து மருத்துவர். அவருக்குப் பின்னால் நகரசபைத் தலைவரின் மனைவி, இலையோடு. யாருடைய கழுத்திலும் மணி இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தகெமோரி அங்கே வந்தது. எல்லோரும் அப்படியே நின்றார்கள். அது ஒவ்வொருவர் கழுத்தாகப் பார்த்தது.

"மணிகள் தென்படவில்லை," என்றது. "ஆகவே வாய்மொழியாகக் கேட்கிறேன். விருந்து எப்படி இருந்தது?"

பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்மலோசனி உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சுமார்தான்," என்றாள்.

"ரசத்துல உப்பு ஒரு சிட்டிகை கம்மி," என்றார் உலகநாதன், அப்பளத்தை நொறுக்கியபடி.

"எங்க சித்தப்பா பொண்ணு கல்யாணத்துல போட்டாங்க பாருங்க, அது சாப்பாடு," என்றார் மயில்வாகனம். அந்தக் கல்யாணத்தில் எல்லோரும் பாசிக்கட்டிதான் தின்றார்கள்.

தகெமோரி அங்கயற்கண்ணியின் பக்கம் திரும்பியது. அவளுக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வாய் நிறைய வெல்லப்பாகு இனித்துக்கொண்டிருந்தது. ஆனால் சம்பந்தி பக்கத்தில் நிற்கிறாள்.

"பரவாயில்ல," என்றாள்.

தகெமோரி ஆறு கைகளையும் கூப்பித் தாழ்ந்து வணங்கியது. "மன்னிக்க வேண்டும். அடுத்த முறை திருத்திக்கொள்கிறேன். இன்னும் சிறிது பாயசம் ஊற்றட்டுமா?"

எல்லாக் கிண்ணங்களும் ஒரே சமயத்தில் நீண்டன.